ரிப்போர்ட்டில் ஒரு வரி: ‘வயதுக்கேற்ற மாற்றங்கள்’

ஜூன் 3

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இந்த வரியைப் பார்த்ததும் பலர் கவரை மூடிவிடுகிறார்கள். அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் மூளையின் நுண்ரத்தக்குழாய் நோய். மூளையின் அடியிலிருந்து ஆழத்துக்குத் துளைத்துப் போகும் இந்தக் குழாய்களின் விட்டம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரிவதால் பிரஷரின் அடி முழுவதும் இவற்றின் மேல்தான். சுவர் தடித்து விறைத்துப் போகும். ஒன்று அடைத்தால் ஈடுகட்டப் பக்கத்துக் குழாய் கிடையாது. செத்துப்போன இடம் 3 முதல் 15 மி.மீ. வரையிலான நீர்க்குழியாக மிஞ்சும். அதுதான் லக்கூன்.

ஜூன் 5

எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகையான ஃப்ளேர் படத்தில் பார்க்க வேண்டியது, இந்த நோய் விட்டுவைக்கும் வெள்ளைத் திட்டுகள். திட்டுகளைத் தரம்பிரிக்கும் பசெகாஸ் அளவில், ஆழ்ந்த வெண்பொருளில் (நரம்பு இழைகள் ஓடும் உட்பகுதி) தனித்தனிப் புள்ளிகள் என்றால் 1. ஒட்டத் தொடங்கினால் 2. ஒரே பரப்பாகிவிட்டால் 3. எழுபது வயதில் 1 சகஜம். 3-ஐ வயதின் கணக்கில் எழுதுவது தப்பு.

குழாயைச் சுற்றி இயல்பாகவே உள்ள இடைவெளியை லக்கூன் என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. இடைவெளி பொதுவாக 3 மி.மீ.க்குள் அடங்கும், ஃப்ளேரில் லக்கூனுக்குப் பெரும்பாலும் வெள்ளை விளிம்பு இருக்கும், இடைவெளிக்கு இருக்காது.

ரத்தக்கசிவின் தடத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற எம்.ஆர்.ஐ. பட வரிசையைக் கேட்டு வாங்க வேண்டும். நுண்கசிவுகள் அதில்தான் கரும்புள்ளியாக நன்றாகத் தெரியும். ஆழத்தில் இருந்தால் பிரஷரைச் சந்தேகிக்கலாம். மூளையின் வெளிப்படலமான புறணியோரம் மட்டும் இருந்தால், குழாய்ச் சுவரில் படியும் அமிலாய்டு புரதத்தை.

ஜூன் 9

இந்த நோயில் ஞாபகத்துக்கு முன்பே வேகம் போய்விடும். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்துக் கேட்டால் இரண்டுதான் வரும். “ஒன்று பூவின் பெயர்” என்று எடுத்துக் கொடுத்தால் சட்டென்று வந்துவிடும். சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. அல்சைமரில் எடுத்துக் கொடுத்தாலும் அநேகமாக வராது. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிழுக்கும் சோதனையில்தான் தடுமாற்றம் பளிச்சென்று தெரியும்.

கூடவே குறுநடை, அடக்க முடியாமல் வரும் சிறுநீர், எதிலும் ஆர்வமின்மை. கடைசியாகச் சொன்னதைத்தான் வீட்டில் ‘சோம்பேறித்தனம்’ என்பார்கள்.

ஜூன் 14

பிரஷர் பார்ப்பதில்தான் பாதிப் பிழை. கைப்பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், பேச்சில்லாமல். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

பிரஷரை எவ்வளவு இறக்கலாம் என்று பார்த்த ஸ்பிரின்ட் ஆய்வின் 2019 முடிவில், மேல் அளவை (சிஸ்டாலிக்) 120-க்குள் வைக்க முயன்றவர்களுக்கு, 140-க்குள் வைத்தவர்களைவிட லேசான அறிவுத்திறன் குறைவு குறைவாகவே வந்தது. வெள்ளைத் திட்டும் மெதுவாகவே வளர்ந்தது. டிமென்ஷியா குறைந்ததாக உறுதிப்படவில்லை. சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. 120-ஐ எல்லோருக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது.

பிரஷர் மாத்திரையைக் கூட்டுமுன் 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நின்றபின் 1, 3 நிமிடங்களில் இருமுறை அளக்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு.

ஜூன் 15

வெள்ளைப் புள்ளி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆஸ்பிரின் வேண்டாம். லக்கூனார் பக்கவாதம் (நுண்குழாய் அடைத்து வருவது) வந்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெலையும் நீண்டகாலம் கொடுத்துப் பார்த்த எஸ்.பி.எஸ்.3 ஆய்வில் பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. ரத்தக்கசிவும் மரணமும் கூடின.