பெயர்ப்பலகை மெகாவாட்டும் பஸ்பார் மெகாவாட்டும்

1947 டிசம்பர் முடிவில் இந்தியாவின் நிலக்கரி மின்நிலையங்கள் எல்லாம் சேர்ந்து 756 மெகாவாட். இன்று 800 மெகாவாட் யூனிட் (ஒரு பாய்லரும் ஒரு டர்பைனும் சேர்ந்த தொகுதி) ஒன்றே அதைத் தாண்டிவிடும். 1966 மார்ச்சில் 4,417, 1990 மார்ச்சில் 41,236, 2012 மார்ச்சில் 1,12,022, 2020 மார்ச்சில் 2,05,135 என்று ஏறியது கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் நிலையங்கள் பெருகியதாகத் தெரியும். ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இது யூனிட்டின் அளவு வளர்ந்த கதை. எண்ணூரில் 60, 110. தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் 210. பிறகு 500, 600. இப்போது 660, 800. அளவு கூடும்போதெல்லாம் பழுதின் முகமும் மாறியது.

210 மெகாவாட் யூனிட்தான் இந்திய அனல்மின் ஊழியர்களுக்குப் பள்ளிக்கூடம். ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்துக்குச் சுமார் 0.68 கிலோ கரி என்று வைத்தால், முழு லோடில் ஒரு நாளைக்கு 3,400 டன் வேண்டும். ஏறக்குறைய ஒரு சரக்கு ரயில் முழுக்க. அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு சாம்பல் என்றால் 1,350 டன்னுக்கு மேல் சாம்பலும் தினமும் வெளியேற வேண்டும். தமிழக நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேர் கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றால் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் 210க்கு எந்த அர்த்தமும் இல்லை. எல்லாம் சரியாக ஓடும் நாளிலும் ஃபேன், பம்ப், கரியைப் பொடியாக்கும் மில் என்று உள்செலவுக்கே எட்டரை சதவீதம், அதாவது 18 மெகாவாட் போய்விடும். பஸ்பாரை, அதாவது மின்சாரம் வெளியே போகும் கடத்தித் தடத்தை, தாண்டுவது 192.

மழைக்காலத்தில் அதுவும் வராது. ஈரக் கரி, மில்லுக்கு மேலே கரி தேக்கும் பங்கரின் சுவரில் அப்பிக்கொள்ளும், மில்லுக்குக் கரியை அளந்து தள்ளும் ஃபீடருக்கு இறங்கும் குழாயை அடைக்கும். மில்லின் வெளிவாயில் 75 டிகிரி அளவில் இருக்க வேண்டிய வெப்பநிலை 60க்குக் கீழே இறங்கும். சூடான காற்றின் டேம்பரை (அடைப்புத் தகட்டை) முழுக்கத் திறந்தும் ஏறாவிட்டால், அந்த மில்லின் கரி அளவைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. வறட்டுக் கரியில் நாலு மில்லில் ஓடிய லோடுக்கு ஆறும் தேவைப்படும். ஸ்டாண்ட்பை என்று எதுவும் மிஞ்சாது.

யூனிட்டை அடிக்கடி நிறுத்துவது பாய்லர் ட்யூப் லீக், அதாவது கொதிகலன் குழாயின் ஒழுக்கு. நம் கரியின் சாம்பலில் சிலிக்கா அதிகம்; பாய்லருக்குப் போகும் தண்ணீரைப் புகையின் சூட்டில் சூடாக்கும் எகனாமைசரின் வளைவுகளை அது மணல்தாள் போலத் தேய்க்கிறது. ஒழுக்கு தொடங்கியதும் இழப்பை ஈடுகட்டும் மேக்கப் தண்ணீர் கூடும், புகையை இழுக்கும் ஐடி ஃபேனின் ஆம்பியர் ஏறும், பாய்லர் அருகே சீறல் கேட்கும். "இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவோம்" என்ற முடிவுதான் இதில் மிகப் பெரிய தவறு. ஓட்டையிலிருந்து பீறிடும் நீராவி பக்கத்துக் குழாய்களையும் அறுத்துவிடும். ஒரு வெல்டிங்கில் முடிய வேண்டிய வேலை பத்தாகும். ஆறவிட்டு, வெட்டி மாற்றி, எக்ஸ்ரே எடுத்து, தண்ணீர் அழுத்தத்தில் ஹைட்ரோ டெஸ்ட் முடித்துத் திரும்ப லைட்அப் செய்ய (தீ மூட்ட) எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகும்.

660, 800 யூனிட்டுகள் சூப்பர்கிரிட்டிகல். அழுத்தம் 221 பாருக்கு மேல் என்பதால் தண்ணீருக்கும் நீராவிக்கும் பிரிவு இல்லை, இரண்டையும் பிரிக்கும் டிரம்மும் இல்லை. கரி மிச்சமாகும், உள்செலவு குறையும். ஆனால் மன்னிக்கும் குணம் போய்விட்டது. டிரம் உள்ள பாய்லரில், நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரில் சிறு ஒழுக்கு விழுந்து கடல்நீர் கலந்தாலும், உப்புத் தண்ணீரை வெளியேற்றும் ப்ளோடவுனைத் திறந்து, பாஸ்பேட் கூட்டி, லோடைக் குறைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். இங்கே உள்ளே போன உப்பு குழாயிலோ டர்பைன் பிளேடிலோதான் படியும். கண்டென்சர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கண்டென்சேட் பாலிஷிங் யூனிட் தாங்கும் வரைதான் அவகாசம். 210 ட்ரிப் ஆனால் (திடீரென நின்றால்) தாங்கிக்கொள்ளும் கிரிட் (மின்கட்டமைப்பு), 800 ஒரே நொடியில் போனால் அதிரும்.

2003 மின்சாரச் சட்டம் அனல்மின் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றாக்கியது. 2012க்கும் 2017க்கும் இடையே மட்டும் நிலக்கரித் திறன் 80,000 மெகாவாட் கூடியது. திறன் கூடிய வேகத்தில் ஓட்டம் கூடவில்லை. 2007-08இல் 78 சதவீதத்துக்கு மேல் இருந்த நாட்டின் பிஎல்எஃப் (திறனில் உண்மையில் உற்பத்தியான பங்கு) 2020-21இல் 55க்கும் கீழே வந்தது. எரிவாயு நிலையங்களின் கதி இன்னும் வருத்தமானது. ஆந்திரக் கடலோரத்து கேஜி-டி6 வயல் வாயுவை நம்பி நிறுத்திய டர்பைன்கள், வயலின் உற்பத்தி சரிந்ததும் சும்மா நின்றன. பட்டியலில் மட்டும் பல ஆண்டுகள் ஏறக்குறைய 25,000 மெகாவாட் எரிவாயு இருந்தது.

இப்போது வந்திருக்கும் சோதனை நண்பகலில். சூரிய மின்சாரம் ஏறும்போது 55 சதவீத லோடுக்கு இறங்கி, மாலையில் முழு லோடுக்கு ஏற வேண்டும். அடுத்த இலக்கு 40 சதவீதம். அடிப்படை லோடில் மாதக்கணக்கில் ஓடுவதற்கென வடிவமைத்த யூனிட்டுகள் இவை. லோடு இறங்கினால் சுவாலை நிலைகுலையும், பர்னருக்கு ஆயில் கொடுக்க வேண்டிவரும். மில்களை ஒன்றுவிட்டு ஒன்று வைக்காமல் அடுத்தடுத்த இரண்டு, மூன்றை மட்டும் வைத்து ஓட்டினால் தீ ஒன்றையொன்று தாங்கும். தினமும் சூடேறி ஆறுவதால் பல குழாய்கள் வந்து சேரும் தடித்த ஹெடர்களில், குழாய் சேரும் துளைகளுக்கு நடுவே விரிசல் விழும். அது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. யூனிட்டை நிறுத்திச் செய்யும் பெரிய பராமரிப்பான ஓவர்ஹாலில், நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரின் வெளிவாய் ஹெடரின் இன்ஸ்பெக்ஷன் மூடியை அறுத்தெடுத்து, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் வேலையை நேரமில்லை என்று தள்ளிப்போடக் கூடாது.