புல்லுக்கு நடுவே புதர்க்கன்று: ஒரு பருவத்தின் குறிப்புகள்

டிசம்பர் 4

மழை பிடித்துக்கொண்டது. இலையுதிர் காலத்தில் காற்றோடு வந்து விழுந்த, பாக்கரிஸ் என்ற புதரின் விதைகள் வித்திலை விரித்திருக்கின்றன. கடுகளவுதான், மண்டியிட்டுக் குனிந்தால் ஒழியக் கண்ணில் படாது. கலிஃபோர்னியக் கடலோரத்தில் குளிரும் மழையும் சேர்ந்து வரும், கோடையில் மழையே இராது. அதற்குள் இவை ஈரம் இருக்கும் ஆழத்தை எட்டியாக வேண்டும். புல் இந்தக் கன்றுகளுக்குத் துணையா பகையா என்று பார்க்க நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சிலவற்றில் புல்லை அரிந்துவிட்டேன், மற்றவற்றில் கைவைக்கவில்லை.

ஜனவரி 11

கடற்காற்று ஓயவே இல்லை. அரிந்த கட்டங்களில் முளைகளின் இலை ஓரம் கருகியிருக்கிறது. மழைத்துளி தெறித்த மண் சிலவற்றை மூடிவிட்டது. புல்லுக்குள் இருப்பவை பசுமையாக நிற்கின்றன. காற்றையும் உப்பையும் இரவுக் குளிரையும் புல் தன்மேல் வாங்கிக்கொள்கிறது.

அமெரிக்காவின் மறுகரையில், வெர்ஜீனியாவின் தடுப்புத் தீவுகளில் (கரையை ஒட்டி நீளும் மணல்தீவுகள்), மொரெல்லா என்ற புதர் பல பத்தாண்டுகளாகப் புல்வெளியை விழுங்கிவருகிறது. அங்கே நாற்றுகளுக்கு எமன் குளிர்கால உறைபனி. மொரெல்லாவின் வேரில் ஃபிராங்கியா நுண்ணுயிர் தங்கி நைட்ரஜனைக் கொடுப்பதால், வறண்ட மணலிலும் அது தழைக்கும். குளிர் மட்டும் தணிந்தால் போதும். ஆகவே அந்தத் தீவுகளில் புல் தரும் கதகதப்பு சிறிய விஷயமல்ல.

பிப்ரவரி 22

அடர்ந்த புல்லுக்குள் வயலெலிகள் ஓடுபாதை போட்டிருக்கின்றன. பாதையோர முளைகள் நுனி கடிபட்டுக் கிடக்கின்றன. காற்றிலிருந்து காத்த அதே மறைவு எலிக்கும் மறைவாகிவிட்டது. அரிந்த இடத்தில் பருந்துக்குப் பயந்து எலி அதிகம் வருவதில்லை.

ஏப்ரல் 17

இன்று ஒரு கட்டத்தின் ஓரத்தை வெட்டி மண்ணைப் பார்த்தேன். மேல் மண் முழுக்கக் காட்டு ஓட்ஸின் வேர். விரலை நுழைக்க இடமில்லை. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்து இங்கே பரவிய ஒருபருவப் புல் அது. வாழ்நாள் வேலையைச் சில மாதங்களில் முடிக்க வேண்டிய அவசரத்தில், கதிர் விடும்போது மேல் மண்ணின் நீரையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. புதர்க்கன்றின் வேர் அந்த அடுக்கைத் தாண்டியிருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை. வசந்தத்தில் மழை நீடித்த ஆண்டுகளில்தான் பாக்கரிஸ் பெருமளவில் வேரூன்றுகிறது என்று வட கலிஃபோர்னியாவில் 1980களில் நடந்த ஆய்வு காட்டியதன் காரணம் இந்தக் குழியில் தெரிகிறது.

தூர் கட்டி வளரும் பல்லாண்டுப் புல் இருக்கும் கட்டங்கள் வேறு கதை. தூருக்கும் தூருக்கும் நடுவே வெற்றிடம் இருப்பதால் அங்கே ஒளியும் விழுகிறது. ‘புல்’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கி ஆய்வறிக்கை எழுதுபவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது.

ஜூன் 30

ஓட்ஸ் காய்ந்து சாய்ந்துவிட்டது. காலையில் மூடுபனி, புல்தாளில் துளிகள் கோத்து நிற்கின்றன. செத்த புல் நீர் கேட்பதில்லை, நிழல் மட்டும் தருகிறது. ஏப்ரலைத் தாண்டிய கன்றுக்கு இப்போது அது உதவி. ஆனால் பலவும் தாண்டவில்லை.

செப்டம்பர் 12

சூழல் கடுமையாகக் கடுமையாகச் செடிகளுக்கிடையே போட்டி குறைந்து துணை கூடும் என்று சூழலியலாளர்கள் பெர்ட்னஸும் கேலவேயும் 1994இல் முன்வைத்த கருத்தை மறுபடி படித்தேன். உவர்ச் சதுப்பில் அது அழகாகப் பொருந்துகிறது. இங்கே, எந்தக் கடுமை என்று கேட்காமல் அதைச் சொல்ல முடியாது. உப்பும் குளிரும் வெளியிலிருந்து வருபவை, புல் தடுக்கும். வறட்சியிலோ பாதி புல்லே உண்டாக்கியது. நிழல் தரும் அண்டைவீட்டார்தான் கிணற்றையும் வற்றவைக்கிறார்.

மேய்ச்சலும் தீயும் நின்ற இடங்களில் புதர் பரவிப் புல்வெளியே காணாமல்போகிறது என்ற கவலை நியாயமானது. புதரை நம்பிக் கூடுகட்டும் பறவைகளையும் நான் பார்க்கிறேன். எனக்கு இரண்டும் வேண்டும். ஆகவே புல்லை எப்போது அரிவது என்பது சில்லறைக் கேள்வியல்ல.

அக்டோபர் 20

வரும் பருவத்துக்குக் கட்டங்களைப் புதிதாகக் கயிறு கட்டிப் பிரித்தேன். ஒரு பகுதியில் குளிர்காலம் முழுக்கப் புல் நிற்கும். ஓட்ஸ் கதிர் விடுவதற்குச் சற்று முன் அரிந்து, தாளை அங்கேயே பரப்பிவிடுவேன். பக்கத்துப் பகுதியில் அரிந்த தாளை அகற்றிவிடுவேன். நிழலின் பங்கும் நீரின் பங்கும் அப்போது தனித்தனியாகத் தெரியும்.