எந்தச் சாக்லெட், எத்தனை கிராம், எத்தனை மணிக்கு

தீபாவளி முடிந்த மறுநாளும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் எங்கள் குடியிருப்பில் நாய் வளர்ப்போரின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: நாய் சாக்லெட்டைத் தின்றுவிட்டது, என்ன செய்வது? பதில்களும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. அது கொடிய விஷம், உடனே ஓடுங்கள் என்று ஒரு சாரார் பதறுவார்கள். எங்கள் நாய் குட்டியிலிருந்தே தின்கிறது, இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்று இன்னொரு சாரார் ஆறுதல் சொல்வார்கள். எந்தச் சாக்லெட், எத்தனை கிராம், நாயின் எடை என்ன, தின்று எவ்வளவு நேரமாகிறது என்று இரு சாராரில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. இந்த நான்கும் தெரியாமல் சொல்லப்படும் பதற்றமும் ஆறுதலும் எனக்கு ஒன்றுபோலவே பயனற்றவையாகத் தோன்றுகின்றன.

கோகோ விதையில் இயல்பாகவே இருக்கும் தியோபுரோமின் என்ற வேதிப்பொருளே இங்கே நஞ்சாக வேலை செய்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கஃபீனும் சிறிதளவு கூடவே இருக்கிறது. மனிதரின் கல்லீரலும் நாயின் கல்லீரலும் இதைச் சிதைத்து வெளியேற்றவே செய்கின்றன, ஆனால் வேகம் வேறு. இரத்தத்தில் சேர்ந்ததில் பாதி நீங்க நமக்கு ஏறத்தாழ ஆறு முதல் பத்து மணி நேரம் போதும் என்றால், நாய்க்கு 17 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. இன்று மாலை தின்றதில் கணிசமான பங்கு நாளை மாலையும் அதன் உடலில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதன் பொருள். மூளையையும் இதயத்தையும் அமைதிப்படுத்தும் அடினோசின் தன் வேலையைச் செய்ய முடியாதபடி இந்தப் பொருள் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தசைகளுக்குள் கால்சியத்தின் அளவையும் கூட்டுகிறது. அதனால்தான் நாய் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது, மூச்சிரைக்கிறது, தண்ணீர் தண்ணீராகக் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. நிலைமை முற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, உடல் நடுங்கி, வலிப்பு வருகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆட்டு மந்தைகளைத் தாக்கும் கயோட்டிகளைக் கொல்ல தியோபுரோமினையும் கஃபீனையும் கலந்தே ஒரு நஞ்சைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை, ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். கயோட்டி நாய்க்கு நெருங்கிய உறவு.

இனிக் கணக்கு. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் தியோபுரோமின் உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை போன்ற லேசான அறிகுறிகள் தொடங்குகின்றன. 40 முதல் 50 மில்லிகிராமில் இதயம் பாதிக்கப்படுகிறது. 60 மில்லிகிராமைத் தொட்டால் வலிப்பு வரக்கூடும். இவை பொதுவான எல்லைகள், ஒவ்வொரு நாய்க்கும் கொஞ்சம் முன்பின் ஆகும். சாக்லெட்டின் பக்கம் பார்த்தால், நூறு கிராம் பால் சாக்லெட்டில் ஏறத்தாழ 200 மில்லிகிராமும், 70 விழுக்காட்டுக்கு மேல் கோகோ உள்ள கறுப்புச் சாக்லெட்டில் ஏறத்தாழ 800 மில்லிகிராமும், இனிப்பில்லாத கோகோ தூளில் 2,000 மில்லிகிராமும் இருக்கின்றன. வெள்ளைச் சாக்லெட்டில் கோகோ வெண்ணெய் மட்டுமே இருப்பதால் தியோபுரோமின் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

எட்டுக் கிலோ எடையுள்ள ஸ்பிட்ஸ் நாயை எடுத்துக்கொள்வோம். (நம் ஊரில் அதைப் பெரும்பாலும் பொமேரேனியன் என்றுதான் அழைக்கிறோம்.) நூறு கிராம் பால் சாக்லெட் முழுவதையும் அது தின்றால் கிலோவுக்கு 25 மில்லிகிராம், வாந்தியும் தூக்கமில்லாத ஓர் இரவும் பெரும்பாலும் உறுதி. அதே பட்டையை முப்பது கிலோ லாப்ரடார் தின்றால் கிலோவுக்கு 7 மில்லிகிராம்கூட வராது. எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் பிறப்பது இங்கேதான். அந்த ஸ்பிட்ஸ் கறுப்புச் சாக்லெட் பட்டை ஒன்றை முடித்திருந்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது உயிருக்கே ஆபத்தான அளவு. என்னை அதிகம் அச்சுறுத்துவது கோகோ தூள். வெறும் 25 கிராம், நாலைந்து மேசைக்கரண்டிதான், அந்தச் சின்ன நாயை வலிப்பின் எல்லைக்குக் கொண்டுபோய்விடும். பெருந்தொற்றுக் காலத்திலிருந்து வீட்டிலேயே கேக் செய்து விற்கும் வழக்கம் நம் நகரங்களில் பெருகியிருக்கிறது. அரைக் கிலோ கோகோ தூள் பொட்டலம் சமையலறையின் கீழ்த்தட்டில் இருக்கும் வீடுகள் இப்போது ஏராளம். மேசை மேலிருக்கும் சாக்லெட் பெட்டியை எல்லோரும் ஒளித்துவைக்கிறோம், அந்தப் பொட்டலத்தை யாரும் நினைப்பதில்லை.

பூனைக்கும் இது நஞ்சுதான் என்றாலும் பூனைகள் இப்படிச் சிக்கிக்கொள்வது அரிது, ஏனெனில் இனிப்புச் சுவையை உணரும் மரபணு அவற்றில் செயலிழந்துவிட்டது. நாய்க்கோ இனிப்பும் தெரியும், போதும் என்பது தெரியாது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். அந்த இனத்தை வளர்ப்பவர்கள் இதைப் படித்து வியப்படைய மாட்டார்கள்.

விபத்து நேரும் காலமும் ஊகிக்கக் கூடியதுதான். பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளை லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, சாக்லெட் தின்று கொண்டுவரப்படும் நாய்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் வழக்கத்தைப்போல் நான்கு மடங்கும், ஈஸ்டரில் இரு மடங்கும் இருந்தன. காதலர் தினத்தில் அப்படி எந்த உயர்வும் இல்லை. விருந்தினர் வரும் நாள், பெட்டிகள் தரையில் கிடக்கும் நாள், குழந்தைகள் கையில் தின்பண்டத்தோடு திரியும் நாள் ஆகியவையே ஆபத்தான நாட்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் வீடுகளில் தீபாவளிப் பரிசுப் பெட்டிகளும், ஊட்டி, கொடைக்கானல் சென்று வருபவர்கள் வாங்கிவரும் வீட்டுத் தயாரிப்புச் சாக்லெட்டுகளும், தெருநாய்களுக்குக் கேக் ஊட்டிக் கொண்டாடப்படும் பிறந்தநாட்களும் அந்த இடத்தை நிரப்புகின்றன. ஊட்டிச் சாக்லெட்டுகளில் முந்திரியும் உலர்திராட்சையும் தாராளமாக இருக்கும். உலர்திராட்சை தனியாகவே நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கென விற்கப்படும் சர்க்கரையில்லாச் சாக்லெட்டில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பூட்டி சேர்க்கப்பட்டிருந்தால் அது இன்னும் வேகமான ஆபத்து: நாயின் இரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அது சரித்துவிடக்கூடும். தட்டில் காப்பி ஊற்றி நாய்க்கு வைக்கும் பழக்கமுள்ள பெரியவர்களும் அந்தக் கஃபீன் இதே குடும்பம்தான் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

தின்ற பிறகு நடப்பதில் மிகவும் ஏமாற்றக்கூடியது முதல் சில மணி நேரம். வாந்தியும் பரபரப்பும் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே தலைகாட்டும்; கடுமையான அறிகுறிகள் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை நாய் வாலாட்டிக்கொண்டு இன்னொரு துண்டு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். மருத்துவர் எளிதாகவும் குறைந்த செலவிலும் உதவக்கூடிய நேரமும் அதுவேதான். உருகிய சாக்லெட் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால், தின்று சில மணி நேரம் ஆன பின்னரும் வாந்தி எடுக்கவைப்பது பலன் தரும். அறிகுறி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வாய்ப்பைத்தான் இழக்கிறார்கள். எனவே உறையைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, குறைந்தது எவ்வளவு என்றல்ல, அதிகபட்சம் எவ்வளவு தின்றிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டு, நாயின் எடையோடு மருத்துவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உப்பைக் கரைத்துப் புகட்டினால் வாந்தி வரலாம், வராவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே வலிப்பை உண்டாக்கும். விஷம் தின்றவருக்குப் புளியைக் கரைத்துக் கொடுக்கும் நம் பழைய வழக்கம் நாயிடம் இரட்டைத் தீங்கு: உலர்திராட்சையின் நஞ்சு என்று இப்போது கருதப்படும் டார்டாரிக் அமிலம் புளியில் நிறையவே இருக்கிறது, புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் எழுதியும் இருக்கிறார்கள். எண்ணெயைப் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். பக் போன்ற தட்டை முக நாய்களை வீட்டில் வாந்தி எடுக்கவைப்பது எந்த முறையிலும் கூடாது.

தியோபுரோமினுக்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி எடுக்கவைத்த பிறகு, நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் மருத்துவக் கரித்தூளைக் கொடுக்கிறார்கள். கல்லீரலிலிருந்து பித்தநீர் வழியாகக் குடலுக்கு வரும் தியோபுரோமின் அங்கிருந்து மறுபடி இரத்தத்தில் சேர்வதால், இந்தத் தூளைச் சில மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுக்க நேரலாம். நரம்பு வழியே திரவம் ஏற்றுவார்கள், இதயத் துடிப்பையும் வலிப்பையும் அவ்வவற்றுக்குரிய மருந்துகளால் கட்டுப்படுத்துவார்கள். தியோபுரோமின் சிறுநீர்ப்பையின் சுவர் வழியாகவும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. ஆகவே சில நாய்களுக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்துவார்கள், நடக்கும் நிலையில் உள்ளவற்றை அடிக்கடி வெளியே அழைத்துச் செல்லச் சொல்வார்கள்.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாய்க்கு அறிகுறிகள் முற்றிலும் அடங்க 72 மணி நேரம் வரை ஆகலாம். அது முடிந்தாலும் சாக்லெட்டின் கொழுப்பு வேறொரு கணக்கை வைத்திருக்கிறது: ஓரிரு நாள் கழித்துக் கணைய அழற்சி வரக்கூடும். நஞ்சு இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது நாய் மறுபடி வாந்தி எடுத்தாலோ, முதுகை வளைத்துக்கொண்டு நின்றாலோ, சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போனாலோ, மீண்டும் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அந்த நாட்களில் கொழுப்பில்லாத வேகவைத்த கோழிக்கறியும் சாதமும் போதும். நெய்யும் தயிரின் ஏடும் வேண்டாம்.