எம்.எட். சேரும் முன் கல்லூரியில் எதைப் பார்ப்பது?

ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பான என்சிடிஇ-யின் 2014 விதிமுறைப்படி எம்.எட். (கல்வியியல் முதுகலை) இரண்டு ஆண்டுப் படிப்பு. 50 இடங்களுக்கு 10 ஆசிரியர்கள் வேண்டும். சிறிய கல்லூரிகளின் பெயர்ப்பட்டியலில் பத்துப் பேரும் இருப்பார்கள். வேலைநாளில் நேரில் போய், இன்று வகுப்பெடுப்பவர்கள் யார் என்று மாணவர்களிடம் விசாரியுங்கள். பட்டியலில் இருப்பவர்களே பி.எட். வகுப்புகளையும் சுமந்தால் ஆய்வேட்டு வழிகாட்டலுக்கு நேரம் மிஞ்சாது.

அடுத்து நூலகம். பழைய ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான சோதனை. ஒரே தலைப்பு, மாவட்டத்தின் பெயர் மட்டும் வேறு, எல்லாவற்றிலும் டி-சோதனை (இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் முறை), வினாநிரலின் நம்பகத்தன்மையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற பேச்சே இல்லை. இப்படி இருந்தால் அங்கே ஆய்வு முறையியலை யாரும் கற்பிக்கவில்லை என்று பொருள்.

"நீங்கள் வராவிட்டாலும் வருகைப்பதிவைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடத்தில் சேரவே சேராதீர்கள். எழுத்துப் பாடங்களுக்குக் குறைந்தது 80 சதவீத வருகை கட்டாயம்.