மண்டபத்து நண்டு கம்பெனியும் பச்சை பூத்த கனெக்டரும்

"தம்பி, நல்ல ஹப்பா ஒண்ணு வாங்கிட்டு வா, பில்லு போகவே மாட்டேங்குது." மண்டபத்தில் நண்டு கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் போன ஜூன் மாதம் இப்படித்தான் போன் செய்தார். தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு நண்டு மட்டும் கொஞ்சம் வரும். கீழக்கரையிலிருந்து ராமேஸ்வரம் வரை கம்பெனிகளும் ஐஸ் பிளாண்டுகளும் வயரிங் வேலையை இந்த 61 நாளில்தான் வைத்துக்கொள்வார்கள். எனக்கு உச்சிப்புளியில் கடை. கேமரா, நெட்வொர்க் வேலை பார்க்கத் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் இந்த 'ஹப்' என்ற பேச்சை முடித்துவிடுகிறேன். நம் பக்கம் எல்லோரும் ஹப் என்று கேட்பது சுவிட்சைத்தான், அதாவது கணினி, கேமரா எல்லாவற்றையும் கேபிளில் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியை. கடைக்காரரும் சுவிட்சைத்தான் எடுத்துத் தருவார். ஹப் என்பது வேறு பொருள். கரையில் மீன் ஏலம் நடக்கும்போது ஒருவர் கூவினால் நிற்பவர் அத்தனை பேர் காதிலும் விழும். இரண்டு பேர் சேர்ந்து கூவினால் ஒன்றும் புரியாது, இருவரும் நிறுத்திவிட்டு மறுபடி கூவ வேண்டும். ஹப் வேலை செய்வது அப்படி. ஒரு போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும், இருக்கிற வேகத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்ச் எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்று அதன் மேக் முகவரியை, அதாவது கருவிக்கென்று இருக்கும் அடையாள எண்ணை, வைத்துக் கற்றுக்கொள்ளும், உரியவருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும். பரணில் பழைய ஹப் கிடக்கிறது, அதையே மாட்டிவிடலாமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம்.

சரி, மண்டபம். எடைக் கூடத்தில் பன்னிரண்டு கேமரா. நண்டுப் பெட்டியை எண்ணும்போது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு சுவிட்ச், ஆபீஸில் ஒரு சுவிட்ச், நடுவில் ஒற்றைக் கேபிள். கேமராப் படத்தைப் பதியும் ரெக்கார்டர் ஆபீஸில் இருக்கிறது, எடைக் கூடத்துப் பில்லும் அதே கேபிளில்தான் வர வேண்டும். இரண்டு சுவிட்சும் ஜிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட். கணக்குப்படி தாராளம். ஆனால் ஆபீஸ் சுவிட்சில் ஏழாவது போர்ட்டின் விளக்கு பச்சைக்குப் பதில் ஆரஞ்சாக மின்னியது. அந்தப் பெட்டியில் பச்சை என்றால் 1000, ஆரஞ்சு என்றால் 100.

எடைக் கூடத்துப் பக்கம் போய்க் கனெக்டரைக் கழற்றினேன். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், எட்டுத் தகடுகளில் ஆறு இன்னும் மஞ்சளாக மின்னுகின்றன. ஓரத்தில் இருக்கிற ஏழும் எட்டும், அதாவது பிரவுன் ஜோடி, பாசி பிடித்த மாதிரி பச்சை பூத்துக் கிடந்தன. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. நண்டைக் கழுவும் உப்புத்தண்ணீர் தெறிக்கிற சுவர் அது. 100 மெகாபிட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு என்ற நான்கு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு ஜோடி போனதும் இணைப்பு அறுந்துவிடாமல் 100க்கு இறங்கி நின்றுகொண்டது. பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. பில்லுக்கு மிச்சம் இருந்தது நான்கு.

அண்ணனுக்குப் புது சுவிட்ச் தேவையே இல்லை என்றுதான் நினைத்தேன். எடைக் கூடத்துச் சுவிட்சைத் திறந்து பார்த்தபின் மனசு மாறியது. உள்ளே மின்விசிறி வைத்த மாடல். விசிறி ஓட ஓட உப்புக்காற்றை இழுத்து போர்டு முழுக்க அப்பியிருந்தது. திருகெல்லாம் துரு. இந்தக் கடற்கரையில் சுவிட்ச் வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்: விசிறி இல்லாத, இரும்பு உடம்பு கொண்ட பெட்டி. அது எங்கே தொங்கப்போகிறது என்பது அதைவிட முக்கியம். வடகடல் பக்க ஜன்னல் ஓரம் வைத்தால் வாடைக்காற்றில் போகும், தென்கடல் பக்கம் வைத்தால் கச்சான் காற்றில் போகும். உள்சுவரில் ரப்பர் ஓரம் போட்ட, மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மூடிய பெட்டியில் சூடு ஏறும், அதனால் போர்ட் நிரம்பி வழிகிற சின்ன சுவிட்சைவிடக் கொஞ்சம் பெரியதாக எடுப்பது நல்லது.

போர்ட் கணக்கு போடும்போது பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐந்து போர்ட் வாங்கினால் ஒன்று இன்டர்நெட் வரும் பைபர் பெட்டிக்குப் போய்விடும், கையில் நிற்பது நான்கு. வீட்டுக்கே எட்டு வாங்குங்கள். வேகத்தில் 100 மெகாபிட் பெட்டிக்கும் ஜிகாபிட்டுக்கும் விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். பைபர் இணைப்பு 200, 300 என்று வருகிற காலத்தில் 100 பெட்டியை மாட்டினால் கட்டுகிற பணத்தில் பாதிக்கு மேல் வீண்.

கேமராவுக்குக் கேபிளிலேயே கரண்ட் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச் என்றால் வாட் கணக்கு பார்க்காமல் வாங்காதீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் எட்டு கேமரா, எட்டு போர்ட், மொத்தம் 65 வாட் கொடுக்கும் பெட்டி. பகலில் எட்டும் ஓடும். இருட்டினால் கேமராவின் இரவு விளக்கு எரியும், ஒவ்வொன்றும் 9 வாட் இழுக்கும். எட்டொன்பது எழுபத்திரண்டு. தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு கேமரா அணைந்துவிடும். கேமராவை மாற்றி, கேபிளை மாற்றி, மூன்று மாதம் அலைந்திருக்கிறார்கள் பாவம். பெட்டியில் பிஓஇ தரம் 802.3ஏஎஃப் என்று எழுதியிருந்தால் போர்ட் ஒன்றுக்கு 15.4 வாட், ஏடி என்றால் 30. அது தனிப் போர்ட்டின் உச்சம். மொத்தப் பெட்டி எவ்வளவு தரும் என்பது வேறு எண், அதைக் கேளுங்கள். மண்டபத்துக்கு 150 வாட்டுக்கு மேல் தரும் பதினாறு போர்ட் பெட்டி எடுத்தேன்.

அதே லாட்ஜுக்கு விஎல்ஏஎன், அதாவது ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க், பிரிக்கக்கூடிய மேனேஜ்டு சுவிட்சும் (நாமே அமைப்பை மாற்றக்கூடியது) வாங்கச் சொன்னேன். யாத்திரைக்கு வருகிறவர்களின் வைஃபையும் ரிசப்ஷன் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. சுவிட்சில் மாட்டிய கேபிளின் தொங்குகிற மறுமுனையை யாராவது அதே சுவிட்சில் செருகிவிட்டால் மொத்தமும் சுற்றிச் சுற்றி நின்றுவிடும், அதையும் இது தடுக்கும். வீட்டுக்கு அவசியமில்லை.

இனி இடி. ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வருகிற போன்களில் பாதி இடி விழுந்த வீடுகள். இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுத்திருந்தால், பக்கத்தில் எங்கோ இறங்கிய இடி அதில் ஏறி இரண்டு பக்கத்துச் சுவிட்சையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஒரு ஐஸ் பிளாண்டில் எட்டு போர்ட்டும் ஒரே ராத்திரியில் கருகியதைப் பார்த்திருக்கிறேன். கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் பைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. செம்புக்கு இருக்கும் 100 மீட்டர் எல்லையும் இதற்கு இல்லை. சுவிட்சில் பைபர் மாட்டுவதற்கான எஸ்எஃப்பி போர்ட் ஒன்று இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமும் பைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர்.

அண்ணன் கம்பெனியிலும் எடைக் கூடத்துக்கும் ஆபீஸுக்கும் நடுவே பைபர் போடலாம் என்றேன். "அடுத்த தடைக்காலத்துக்குப் பாப்போம் தம்பி" என்றார். சரி என்று அதுவரைக்கும் செம்பே இழுத்தேன். பழைய கேபிளை வெட்டிக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக வந்தது, செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். உப்புக்கு அது இன்னும் சீக்கிரம் அரிக்கும், பிஓஇ கரண்டும் வழியில் கூடுதலாகச் சூடாகி வீணாகும். முழுச் செம்பு கேட் 6 கேபிளின் 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும், விலையும் தெரியும். கேபிளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் மன்றாடுகிறேன்.

தடை முடிந்து முதல் விசைப்படகு திரும்பிய அன்று பில் உடனுக்குடன் போனது. பில் போடும் அண்ணன் மகளிடம் மாதம் ஒருமுறை சுவிட்ச் விளக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தவறாமல் அனுப்புகிறாள். இன்று வந்த படத்தில் ஏழாவது போர்ட் மறுபடி ஆரஞ்சு. வாடை ஆரம்பித்துவிட்டது. நாளைக் காலை புது கனெக்டர் மாட்டக் கிரிம்பிங் கருவியோடு மண்டபம் போகிறேன்.