பொனற் திறக்காத கார்

“பொனற்றைத் திற தம்பி, எஞ்சினைப் பாப்பம்.”

கோண்டாவிலில் இருந்து வட்ஸ்அப்பில் அப்பா கேட்டது இவ்வளவுதான். ஒஸ்லோவில் அன்று மைனஸ் 11. கையுறையைக் கழற்றிவிட்டு, வாங்கி மூன்று நாளேயான பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் மின்சாரக் காரைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“இதில பொனற் திறக்க ஏலாது அப்பா. கராச்காரர்தான் திறப்பினம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப அது உன்ர கார் இல்லை. ஆரோ உன்னட்ட ஓடத் தந்திருக்கிறாங்கள்” என்றார்.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் இரவு படுத்த பிறகும் அது குத்திக்கொண்டே கிடந்தது. ஒஸ்ரின் ஏ-40 காரில் ஹயர் ஓடி எங்களை வளர்த்த மனிசன். விடிய எழும்பினால் முதலில் பொனற், பிறகுதான் தேத்தண்ணி.

இதற்கு முன்னம் வைத்திருந்தது அவுடி இ-ட்ரோன் 55. 2020இல் வாங்கினேன். அந்த வருடம் நோர்வேயில் அதிகம் விற்ற கார் அதுதான். மின்சாரக் காருக்கு அப்போது 25 வீத வற் வரி கிடையாது. அதனால்தான் என்னைப் போன்றவர்களும் அவுடியில் ஏற முடிந்தது. 2023இல் ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு வற் வந்துவிட்டது. அதனால் ஐஎக்ஸைப் பாவித்த காராகத்தான் எடுத்தேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

அவுடியின் பொனற் திறக்கும். உள்ளே எஞ்சின் இல்லை, சார்ஜ் வயர் வைக்க ஒரு சின்னப் பெட்டி. அப்பா அதையே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, மாங்காய் வைக்கலாம்” என்றார். ஐஎக்ஸில் நமக்கென்று திறப்பது ஒன்றே ஒன்று: முன்னால் இருக்கும் பிஎம்டபிள்யூ சின்னம். அமத்தினால் மூடி எழும்பும். கண்ணாடி கழுவும் தண்ணி ஊற்றலாம். ஒஸ்லோ அம்மேரூட் சிவசுப்பிரமணியர் கோயிலில் பூசை செய்தபோது, ஐயர் வட்டம் வாகாக இருக்கிறதென்று அந்தச் சின்னத்திலேயே சந்தனத்தை அழுத்தி வைத்தார். மூடி டக்கென்று எழும்ப, ஐயர் ஓரடி பின்னால் போனார். ரயருக்கு வைத்த தேசிக்காய் குளிரில் கல்லாகி, நசியாமல் சறுக்கிப் பாய்ந்துவிட்டது. மனைவிக்கு அது சகுனம். எனக்குப் பௌதிகம்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். போன மாசியில் ஒரு சாமத்தியச் சடங்குக்கு ட்ரொண்ட்ஹைம் போனோம். கிட்டத்தட்ட 500 கிலோமீற்றர், நடுவில் டோவ்ரெ மலை. அவுடியில் பாவிக்கக்கூடிய பற்றரி 86.5 கிலோவாற்மணி, அந்தக் குளிரில் இரண்டு இடத்தில் நிற்கவேண்டி வரும். ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50இல் 105.2, வழியில் டொம்போஸில் ஒருமுறை நின்றதோடு சரி. புத்தகத்தில் 630 கிலோமீற்றர் வரை என்று இருக்கும். மாசி மாதத்துக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது.

சார்ஜ் ஏறுவதில் எனக்கு இன்னும் அவுடிதான் பிடிக்கும். 150 கிலோவாற்றைப் பிடித்தால் 80 வீதம் வரை விடாது, உழவு மாடு மாதிரி. ஐஎக்ஸ் 195 என்று வீரமாகத் தொடங்கிப் போகப்போகக் களைக்கும். டிக்கியிலும் அவுடிக்கே என் வாக்கு. பலகாரப் பெட்டிகளோடு குத்துவிளக்கும் படுக்கும். ஐஎக்ஸில் குத்துவிளக்கு மாமியின் மடிக்குப் போனது. ஆனால் மாமி இறங்கும்போது, “இதில நடுவில மேடு இல்லை, கால் உளையேல்லை” என்றாரே, அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

24 வருடத்தில் ஊர் நினைப்பெல்லாம் ஆறிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். டொம்போஸில் பிளாஸ்க் தேத்தண்ணியோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 41 வீதம், 42 வீதம். எனக்குப் பன்னிரண்டு வயது, யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. முற்றத்தில் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. டைனமோ வயர் ரேடியோவுக்குப் போகிறது. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓயும். “சுத்தடா, பேரைச் சொல்லப் போறான்” என்று அப்பா கத்துவார். எத்தனையோ தடவை பேர் வருகிற இடத்தில்தான் என் கை உளைந்தது.

அந்த நாளில் பெற்றோலும் இல்லை. ஏ-40இன் பொனற்றைத் திறந்து, மருந்துப் போத்தலில் இருந்து நாலு சொட்டு பெற்றோலை காபறேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். அந்த மணம் வந்தால் அப்பா வருகிறார் என்று அம்மா சோற்றைப் போடுவார்.

போன ஞாயிறு மறுபடி எடுத்தார். “பொனற் கிடக்கட்டும், ஸ்ராட் பண்ணு, சத்தத்தையாவது கேப்பம்.” போனை முன்னால் வைத்துவிட்டு உள்ளே ஏறி பட்டனை அமத்தினேன். கார் ஸ்ராட்டாகிவிட்டது. ஒரு நிமிடம் இருவரும் பேசாமல் இருந்தோம்.

“தம்பி,” என்றார் அப்பா, “லைன் கட்டாயிட்டுதோ?”