பிரெஞ்சுப் புரட்சி: நான் விட்ட 14 மதிப்பெண்

சிவில் சர்வீஸ் மெயின்ஸில் வரலாறுதான் என் விருப்பப் பாடம். உலக வரலாற்றுக்கு ஆரம்பத்தில் இரண்டு நோட்டு போட்டிருந்தேன். ஒன்றில் அரசியல், இன்னொன்றில் மதம். பாடத்தை மூன்று தடவை முடித்திருந்தேன். மாதிரித் தேர்வில் ஒரு 20 மதிப்பெண் கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து விவசாயிகளே ஏன் ஆயுதம் எடுத்தார்கள்? எனக்குக் கிடைத்தது 6. படைக்கு ஆள் பிடித்தது, வரி, விலைவாசி எல்லாம் எழுதியிருந்தேன். தேவாலயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது அடுத்த நோட்டில் இருந்தது.

அப்புறம் ஒரு வாரம் 1789 முதல் 1802 வரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கிராமத்துப் பங்குத்தந்தைக்கு, அதாவது ஊர்த் தேவாலயப் பாதிரியாருக்கு, என்னென்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டே படித்தேன்.

1789 ஆகஸ்டில், விளைச்சலில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் தசமபாகம் போனது. விவசாயிக்கு நிம்மதி. நவம்பரில் திருச்சபைச் சொத்துகள் தேசத்தின் கைக்கு வந்தன. கஜானா காலி என்பதுதான் முதல் காரணம். அந்த நிலத்தை ஈடு காட்டி 'அசின்யா' என்ற பத்திரம் வெளியிட்டார்கள், பின்னால் அதுவே காகிதப் பணமாகப் புழங்கியது. நிலம் போன பிறகு குருமாருக்கு யார் சோறு போடுவது? அரசு சம்பளம் தர வேண்டியதாயிற்று. சம்பளம் தருகிறவர் விதியும் வகுப்பார் அல்லவா? 1790 ஜூலையில் குருமார் குடிமைச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் ஆயர் (பங்குத்தந்தையருக்கு மேலே இருப்பவர்) என 83 பேர். ஆயரையும் பங்குத்தந்தையையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். போப்பின் ஒப்புதல் தேவையில்லை. நவம்பரில் அடுத்த ஆணை: உறுதிமொழி எடுக்காதவருக்குப் பதவி கிடையாது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஞாயிறு திருப்பலி முடிகிறது. உள்ளூர் அதிகாரிகள் நிற்கிறார்கள், ஊரே பார்க்கிறது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், அப்பாவை அடக்கம் செய்தவர், இப்போது நாட்டுக்கும் சட்டத்துக்கும் அரசருக்கும் விசுவாசமாக இருப்பதாக எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பங்குத்தந்தையரில் ஏறக்குறையப் பாதிப்பேர் சொன்னார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். அரசியல் சட்டம் ஒன்று வீட்டுக்கு வீடு நுழைந்தது இப்படித்தான்.

பிரான்ஸ் வரைபடத்தைக் கையால் வரைந்து, மறுப்பு அதிகமாக இருந்த பகுதிகளைப் பென்சிலால் தீட்டினேன். பிரித்தானி, வாந்தே என்று மேற்கு கறுத்துப்போனது. 1793 மார்ச்சில் கலகம் மூண்ட வாந்தே அந்தக் கறுப்புக்குள்ளேயே இருந்தது! 3,00,000 பேரைப் படைக்குத் திரட்டும் உத்தரவு நாடு முழுக்கப் போனது, ஆனால் அது பெரும்போராக மாறியது மேற்கில்தான். கலகக்காரர்கள் இயேசுவின் திரு இருதயச் சின்னத்தை நெஞ்சில் தைத்திருந்தார்கள். அதற்காக மதம் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள், அதற்கும் மதிப்பெண் போகும். திருச்சபை நிலத்தை ஏலத்தில் எடுத்தவர்களில் பலர் நகரத்து வசதிக்காரர்கள். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் வெடித்தது.

புரட்சி அரசு கொண்டுவந்த புதிய காலண்டர், பத்து நாள் வாரம், காணாமல் போன ஞாயிறு எல்லாவற்றையும் ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம். 1801-இல் நெப்போலியன் போப்புடன் செய்த ஒப்பந்தத்துக்கு மட்டும் நேரம் கொடுங்கள். குருமாருக்கு அரசுச் சம்பளம் உறுதியானது, விற்ற நிலம் திரும்பவில்லை. வாங்கியவர்களும் பக்தர்களும் ஒரே கையெழுத்தில் அமைதியானார்கள்.

இப்போது எந்த நாட்டைப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். குருவுக்குச் சம்பளம் யார் தந்தது? நியமித்தது யார்? பிறப்பு, இறப்பைப் பதிவு செய்தது யார்? பிரான்ஸில் அந்தப் பதிவேடு 1792 செப்டம்பரில் தேவாலயத்திலிருந்து உள்ளாட்சிக்கு மாறியது. பழகிப் பார்க்கத் துருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1924 மார்ச் 3 அன்று, முஸ்லிம்களின் சமயத் தலைமையாகக் கருதப்பட்ட கலீபா பதவி ஒழிக்கப்பட்டது. அதே நாளில், இமாம்களை நியமிக்கும் அதிகாரத்தோடு சமய விவகாரத் துறை ஒன்றை அரசே தொடங்கியது. இந்த இரண்டையும் ஒரே நோட்டில், அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள்.